சிவப்பு ஒயினும் கொஞ்சம் புகையும்

பிப்ரவரி 3

அன்புள்ள மூக்கனுக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் அத்தானும் இங்கே சுகம். அவருடைய முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முனகுகிறது. போன மாதம் வந்த காய்ச்சல் உனக்கு முழுசாக விட்டதா? ஓட்டலில் ஊருக்கெல்லாம் பரிமாறிவிட்டு, வீட்டுக்கு வந்து காய்ந்த ரொட்டியைக் கடித்துக்கொண்டு படுக்கிறவன் நீ. ஒழுங்காகச் சாப்பிடு.

விஷயத்துக்கு வருகிறேன். அப்பா அம்மா நடத்திய சாப்பாட்டுக் கடையைப் பழுது பார்க்கிறேன் என்று சொன்னேன் அல்லவா? ஜூனில் திறந்துவிடுவேன். திராட்சைத் தோட்டத்துத் தாடிக்காரர் வந்திருந்தார். இந்த வருஷத்துச் சிவப்பு ஒயின் அத்தனையையும் நமக்கே தருகிறாராம். மே முடிவதற்குள் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்லிவிட வேண்டும். பார்த்தால் சிவப்பு என்றே சொல்ல முடியாது, அவ்வளவு கறுப்பு. ஒரு வாய் குடித்தேன். நாக்கை யாரோ பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. அது நல்லதற்கா கெட்டதற்கா என்று எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு வாய்த்தது கட்டை நாக்கு.

அப்பா இருந்தவரைக்கும் அவர் சொன்னால் சரி. அவருக்குப் பிறகு உன் மூக்குதான் நமக்குத் தீர்ப்பு. மூடிய பானைக்குப் பக்கத்தில் நின்று, "அப்பா, பூண்டு போட மறந்துட்டீங்க" என்று சொன்ன பிள்ளை நீ. அந்த மூக்கை நம்பித்தான் கடையைத் திறக்கிறேன். தப்பான ஒயினை வாங்கிக் குவித்துவிட்டால் இந்தக் கடையை இன்னொரு முறை திறக்க என்னால் ஆகாது.

ஒரு பாட்டில் அனுப்பியிருக்கிறேன். ருசி எப்படி, எதோடு சேரும், எதோடு ஒட்டாது என்று விவரமாக எழுது. போனில் சொல்லாதே. போனில் நீ "ம், நல்லாருக்கு" என்பதோடு சரி. பேனாவைப் பிடித்தால்தான் உனக்கு வாய் திறக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள். கழுத்துக்குத் துணி சுற்றாமல் வெளியே போகாதே.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 19

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். முழங்கால் எப்படி இருக்கிறது? கடிதம் வீட்டுக்கு வராமல் உங்கள் லாரிப் பட்டறைக்கு வருகிறதே என்று பதற வேண்டாம். அக்கா கண்ணில் படக்கூடாது என்றுதான் இப்படி.

காய்ச்சல் விட்டுவிட்டது அத்தான். விடும்போது வாசனையையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. சோப்பு, காப்பி, மழை பெய்த தெரு, எதுவும் இல்லை. வாயில் புளிப்பு தெரிகிறது, உப்பு தெரிகிறது, இனிப்பும் கசப்பும் தெரிகின்றன. அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்கிறார் டாக்டர். அதைச் சொல்ல எதற்கு டாக்டர்?

எந்தச் சாப்பாட்டுக்கு எந்த ஒயின் என்று விருந்தாளிக்குச் சொல்வதுதான் என் பிழைப்பு. இப்போது பழக்கத்தில் கோப்பையை மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி, தலையை ஆட்டுகிறேன். எல்லோரும் நம்புகிறார்கள். அக்காவை மட்டும் அப்படி ஏமாற்ற முடியாது.

அதனால் ஓர் உதவி. அக்கா எனக்கு அனுப்பிய அதே ஒயின் வீட்டில் இன்னொரு பாட்டில் இருக்குமே, அதில் ஒரு வாய் குடித்துப் பார்த்து, என்ன வாசனை வருகிறது என்று எழுதுங்கள். உங்களுக்கு எப்படித் தோன்றுகிறதோ அப்படி. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். அக்காவுக்குத் தெரிந்தால் கடை வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்துவிடுவாள். அவளிடம் மூச்சு விடாதீர்கள்.

உங்களையும் அக்காவையும் நினைத்துக்கொண்டே,
மைத்துனன்


மார்ச் 5

அன்பு மாப்பிள்ளைக்கு,

நான் சுகம். நீ சுகமில்லை என்று தெரிந்த பிறகு நலமா என்று கேட்க எனக்குக் கை வரவில்லை. சாப்பிடு, தூங்கு, மற்றதெல்லாம் தானாக வரும்.

நான் டீயைத் தவிர வேறு எதையும் ருசி பார்த்துக் குடித்தவன் இல்லை என்பது உனக்குத் தெரியும். இருந்தாலும் நேற்று உன் அக்கா கடைக்குப் பெயிண்ட் அடிக்கிறவரோடு சண்டை போடப் போயிருந்த நேரத்தில் சமையலறைக்குள் நுழைந்தேன். தாடிக்காரர் சீட்டு ஒட்டிய பாட்டில் அடுப்புக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஊற்றினேன், குடித்தேன். கீழே உள்ளபடி.

முதலில் கிராம்பு. சந்தேகமே இல்லை, நல்ல கிராம்பு. அப்புறம் ஆரஞ்சுத் தோல். பிறகு கொஞ்சம் மிளகு. கடைசியில் புது டயர், அதுவும் வெயிலில் நின்ற லாரியின் டயர். தொண்டையில் இறங்கும்போது கியர் மாற்றின மாதிரி ஒரு சூடு. டயரை எழுதலாமா வேண்டாமா என்று நீயே முடிவு செய்துகொள்.

உன் அக்கா முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூசுகிறது. முப்பது வருஷத்தில் அவளிடம் நான் மறைத்தது இரண்டு சிகரெட்டும் இதுவும்தான். சீக்கிரம் எழுதி முடித்துவிடு.

அன்புடன்,
அத்தான்


மார்ச் 18

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். கழுத்துத் துணியும் கழுத்தில்தான் இருக்கிறது. நீ தூசியில் நின்று இருமிக்கொண்டிருக்கவில்லையே?

உன் பாட்டிலைத் திறந்து, வாய் அகன்ற ஜாடியில் ஊற்றி, ஒரு மணி நேரம் காற்றாட விட்டேன். இந்த மாதிரி ஒயின் திறந்த உடனே முறைக்கும், காற்றுப் பட்டால்தான் சகஜமாகும். பிறகு குடித்தேன். முதலில் துவர்ப்பு. பால் விடாத டீயை ஆறவிட்டுக் குடித்தால் ஈறு வறளுமே, அப்படி. நீ நாக்கை இழுக்கிறது என்றாயே, அதுதான் இது, குற்றம் இல்லை. வாயின் ஓரத்தில் புளிப்பு. விழுங்கிய பிறகு மார்பு வரைக்கும் சூடு. வாசனையில் கிராம்பு, ஆரஞ்சுத் தோல், மிளகு, அடியில் தோல்செருப்புக் கடைக்குள் நுழைந்த மாதிரி ஒன்று.

இந்தத் துவர்ப்புக்குக் கொழுப்பு வேண்டும். கொழுப்போடு சுட்ட ஆட்டுத்தொடை, எலும்போடு வெந்த மாட்டுக்கறி, வெண்ணெயில் புரட்டிய காளான், பழைய கெட்டிச் சீஸ். கொழுப்பு வந்து துவர்ப்பை ஆற்றும், துவர்ப்பு வந்து வாயைக் கழுவும், மறுபடி ஒரு துண்டு கேட்கும். மீன் வேண்டாம், வாயில் இரும்பைக் கடித்த மாதிரி ஆகிவிடும். காரமும் வேண்டாம், காரத்தோடு சேர்ந்தால் இது சண்டைக்கு வரும்.

குடித்துக்கொண்டே அப்பாவின் கறிக்குழம்பை நினைத்தேன். மழைநாளில் கடைக்கதவைத் திறந்தால் வருமே, கறியும் சிவப்பு ஒயினும் சேர்ந்து, அடியில் மெல்ல ஒரு புகை. அம்மா ஜன்னலோரம் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருப்பாள். நீ மேசைக்கு மேசை கரண்டி வைப்பாய். நான் கண்ணை மூடிக்கொண்டு அந்தப் புகைக்காகவே வாசலில் நிற்பேன். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து ஒவ்வொரு சிவப்பு ஒயினிலும் அந்தப் புகையைத்தான் தேடுகிறேன். அது இருந்தால் பெரிய ஒயின் என்று விருந்தாளிகளுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இதிலும் கொஞ்சம் இருக்கிறது அக்கா. தைரியமாக வாங்கு.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன்,
மூக்கன்


ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

இருவரும் சௌக்கியம். உன் கடிதம் கிடைத்தது.

தாடிக்காரர் கொடுத்த இரண்டில் ஒன்று உனக்கு வந்தது. இன்னொன்றில் நான் ஒரு வாய் குடித்துவிட்டு, மீதியில் கிராம்பும் மிளகும் ஆரஞ்சுத் தோலும் போட்டுக் கொதிக்கவைத்து, கறியை ஊறப்போடுவதற்காக அதே பாட்டிலில் ஊற்றி அடுப்போரம் வைத்திருந்தேன். அந்தக் கிராம்பு என் கையால் எண்ணிப் போட்டது. அது உன் கோப்பைக்கு எப்படி வந்தது?

அத்தானைக் கேட்டேன். லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார்.

உடம்பு எப்படி இருக்கிறது என்று உண்மையாக எழுது.

அக்கா


ஏப்ரல் 8

அன்பு மாப்பிள்ளைக்கு,

வசமாக மாட்டிக்கொண்டோம். தப்பு என் பேரில்தான். சீட்டைப் பார்த்தேனே தவிர, உள்ளே என்ன என்று பார்க்கவில்லை. ஒரு மெக்கானிக் செய்யக்கூடாத தப்பு.

உன் அக்கா கடிதத்தோடு பட்டறைக்கே வந்துவிட்டாள். "வெளிய வாங்க" என்றாள். "இதோ, ஒரு போல்ட்டு பாக்கி" என்றேன். "போல்ட்டு இருக்கட்டும். என் தம்பி எனக்கு எழுதுறதுக்கு உங்க நாக்கு எதுக்கு?" என்றாள். நான் போல்ட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கினேன். "அவனுக்கு வேலை போயிடுச்சா?" "இல்லை." "குடிச்சு உடம்பைக் கெடுத்துக்கிட்டானா?" "சேச்சே." "அப்ப என்ன?" சொல்லமாட்டேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேனே, ஸ்பேனரையே பார்த்துக்கொண்டிருந்தேன். "உங்ககிட்ட சொல்லத் தெரிஞ்சுது அவனுக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை. வீட்டில் தட்டு வருகிறது, பேச்சு வரவில்லை.

நீயே எழுதிவிடு மாப்பிள்ளை. என்னால் இதற்கு மேல் தாங்காது. உடம்பைப் பார்த்துக்கொள். அடுப்பை அணைத்தோமா என்று வெளியே போகுமுன் இரண்டு தரம் பார். வாசனை தெரியாதவனுக்கு அதுதான் பெரிய ஆபத்து.

அன்புடன்,
அத்தான்


மே 9

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீயும் இருப்பாய் என்றுதான் நினைக்கிறேன். ஒரு மாதத்துக்கு மேலாகிறது, ஒரு வரி வரவில்லை.

கடைக்குப் பெயிண்ட் அடித்தாகிவிட்டது. நான் சொன்ன மஞ்சள் ஒன்று, பெயிண்டர் அடித்த மஞ்சள் ஒன்று. புது அடுப்பு வந்து இறங்கியிருக்கிறது. அப்பாவின் அடிகனத்த பானையைத் தேய்த்துப் பளபளப்பாக்கியிருக்கிறேன். தாடிக்காரர் இரண்டு முறை வந்து போய்விட்டார். மாதம் முடிய நாள் அதிகம் இல்லை. ஆனால் அதற்காக இதை எழுதவில்லை.

உன் பழைய கடிதங்களை எடுத்துப் படித்தேன். எல்லாவற்றிலும் நலம் விசாரித்த கையோடு "அடுப்பில் இன்றைக்கு என்ன?" என்று கேட்டிருக்கிறாய். காய்ச்சலுக்குப் பிறகு வந்ததில் அது இல்லை. நான் முட்டாள் இல்லை தம்பி. கரண்டி பிடித்து வளர்ந்தவள். ஆனாலும் நானாகக் கேட்கமாட்டேன். நீயாகச் சொல்.

கோபம் இருக்கிறது, மறைக்கவில்லை. சின்ன வயதில் பல் விழுந்தால்கூட என்னிடம்தான் முதலில் காட்டுவாய். பசியோடு இருக்காதே.

அக்கா


மே 16

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்கும் அத்தானுக்கும் என் வணக்கம். அவரிடம் பேசிவிடு. அவர் ஒரு பாவமும் அறியாதவர்.

எனக்கு வாசனை போய்விட்டது அக்கா. நீ கண்டுபிடித்ததுதான். எழுத உட்காருவேன், மேலே "மூக்கன்" என்று கூப்பிட்டிருந்த உன் பழைய கடிதம் கண்ணில் படும், எழுந்துவிடுவேன். நீ "தம்பி" என்று மாற்றியதும் தெரிந்தது, உனக்குத் தெரிந்துவிட்டதென்று.

போன வாரம் ஒரு வயதான தம்பதி கல்யாண நாளுக்கு வந்திருந்தார்கள். நல்ல பாட்டிலாகத் தேர்ந்தெடுத்து, மோந்து, தலையாட்டி ஊற்றினேன். அந்த அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னங்க இது, நனைஞ்ச அட்டைப்பெட்டி மாதிரி இருக்கு?" என்றார். தக்கை கெட்டு ஒயின் பாழாகியிருக்கிறது. தொழில் கற்க வந்தவன்கூட முதல் மோப்பத்தில் பிடிக்க வேண்டியது. அவர் கணவர், "பரவாயில்லை, நம்ம நாக்குதான் பழசாயிடுச்சு" என்று என்னைக் காப்பாற்றப் பார்த்தார். அதுதான் என்னைக் கொன்றுவிட்டது. அன்றைக்கே மேனேஜரிடம் போய் உள்ளதைச் சொன்னேன். துரத்தவில்லை. விருந்து மண்டப மேற்பார்வைக்கு மாற்றியிருக்கிறார். நாற்காலி எண்ணுகிற வேலை.

அந்த வேலை போனது பெரிசில்லை அக்கா. நான் பயப்படுவது வேறு. கண்ணை மூடினால் அந்தக் கடை தெரிகிறது, அம்மா துடைக்கிற தட்டு தெரிகிறது, உன் பின்னல் தெரிகிறது. வாசனை மட்டும் வரமாட்டேன் என்கிறது. முதலில் அம்மாவின் கைச்சோப்பு போனது, பிறகு ஈர மரக்கதவு. அப்பாவின் குழம்பில் அந்தப் புகை மட்டும் கொஞ்சம் மிச்சமிருந்தது. அதையும் பிடித்து வைக்கத்தான் உனக்கு அப்படி விழுந்து விழுந்து எழுதினேன். இப்போது அதுவும் நழுவுகிறது. அது போய்விட்டால் அந்த வீட்டில் நான் இருந்ததே எனக்குப் பொய்யாகிவிடும்.

ஒயினுக்கு வேறு யாரையாவது கேள். துவர்ப்பும் சூடும் நானே உணர்ந்தது, அது சத்தியம். மற்றது கிராம்புதான்.

தம்பி


மே 27

அன்புள்ள மூக்கனுக்கு,

அப்படித்தான் கூப்பிடுவேன். அந்தப் பேரை வைத்தது நான், எடுக்கிறதும் என் இஷ்டம்.

நாங்கள் சுகம். அத்தானிடம் பேசிவிட்டேன். சந்தோஷத்தில் இரண்டு தட்டு சாப்பிட்டார். நீ ராத்திரி தூங்குகிறாயா?

உன் கடிதத்தைப் படித்து அழுதேன். அழுது முடித்ததும் வேலையை ஆரம்பித்தேன். தாடிக்காரரிடம் இன்னும் நாலு பாட்டில் கேட்டு வாங்கி, நீ எழுதியபடி ஜாடியில் ஊற்றி, ஒவ்வொன்றாகச் சமைத்து வைத்துக் குடித்தேன். ஆட்டுத்தொடை, நீ சொன்னது சொன்னபடி. கொழுப்பு பட்டதும் அந்தத் துவர்ப்பு தோளில் கை போட்டது. காளானும் சரி. கறுப்புச் சாக்லேட் என்று நீ சொல்லவில்லை, நானாகச் சேர்த்தேன். கசப்பும் கசப்பும் ராசியாகிவிட்டன. மீனும் வைத்துப் பார்த்தேன், நீ சொன்னால் அப்படியே கேட்டுவிடுகிறவளா நான்? துப்பிவிட்டேன். வாசனைக்கு என் கட்டை நாக்கு கண்டது இது: கழுவின கறுப்புத் திராட்சை, பென்சில் சீவின தூள், அத்தானின் பழைய தோல் பெல்ட். புகை இல்லை. வாங்கிவிட்டேன். உன் வாயும் என் மூக்கும் சேர்ந்து சொன்ன தீர்ப்பு.

இப்போது அந்தப் புகை. இதை உன்னிடம் சொல்லக்கூடாது என்று அப்பா என்னிடம் வாக்கு வாங்கியிருந்தார். அவரும் போய்ச் சேர்ந்தாயிற்று, சொல்கிறேன். அது ஒயினின் புகை இல்லையடா. அப்பா குழம்பை அடிப்பிடிக்க விட்டுவிடுவார். தவறாமல், ஒவ்வொரு தடவையும். அடுப்பில் வைத்துவிட்டு வாசலுக்குப் போய் யாரோடாவது பேச நின்றுவிடுவார். தீய்ந்த வாடை வந்ததும் நான் கத்துவேன். ஓடிவந்து, கைக்குக் கிடைத்த சிவப்பு ஒயினை மடமடவென்று ஊற்றி, அடியைச் சுரண்டிக் கலக்கி, "அம்மாகிட்ட சொல்லிடாத" என்பார். மெல்லிய ஒயின் ஊற்றினால் கருகல் தலைதூக்கும், நல்ல கனமான ஒயின்தான் அதை அடக்கும். அதனால்தான் அவர் வாங்கியதெல்லாம் அந்த மாதிரி ஒயின். நீ வாசலில் கண்ணை மூடிக்கொண்டு "ஆஹா" என்று நிற்பாய். அப்பா என்னைப் பார்ப்பார், நான் அவரைப் பார்ப்பேன். பிள்ளை இவ்வளவு ரசிக்கிறானே என்று உன்னிடம் சொல்ல மனசு வரவில்லை அவருக்கு. ஊரெல்லாம் போய் ஒயினில் புகை இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாயே, கடவுளே.

செய்முறை இதுதான். கறியையும் வெங்காயத்தையும் கனத்த பானையில் போட்டு வேகவிடு. தண்ணீர் சுண்டினதும் அங்கேயே நிற்காதே, போய் யாரையாவது திட்டிவிட்டு வா. பிறகு ஒயின்.

கவனமாகச் செய். ஜன்னலைத் திறந்து வை.

அன்புடன்,
அக்கா


ஜூன் 12

அன்புள்ள அக்காவுக்கு,

கடை திறந்துவிட்டதா? உனக்குக் கால் வலிக்கிறதா? அத்தானைக் கல்லாவில் உட்கார வைத்திருப்பாய் என்று நினைக்கிறேன். அடுப்பில் இன்றைக்கு என்ன?

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். பிறகு கொஞ்ச நேரம் அப்பாமேல் கோபம் வந்தது. எத்தனை விருந்தாளிகள், எத்தனை பெரிய மனிதர்கள், எல்லோரையும் அப்பாவின் அடிப்பிடித்த பானையைத் தேட விட்டிருக்கிறேன். ஒருவர்கூட "புகை இல்லையே" என்று சொல்லவில்லை, அதுதான் வேடிக்கை.

நேற்று லீவு. கறி வாங்கினேன், உன் ஒயினைப் போலவே கனமான ஒரு பாட்டிலைப் பக்கத்தில் வைத்தேன். பானையை ஏற்றிவிட்டு, திட்ட ஆள் இல்லாததால் மொட்டைமாடியில் போய் நின்றேன். எவ்வளவு நேரம் நிற்பது? மூக்கு இருக்கிறவனுக்குத் தெரியும். நான் குத்துமதிப்பாக இறங்கி வந்து, பானையைப் பார்த்தேன், அடி கறுத்திருந்தது. ஒயினை ஊற்றினேன். சுரண்டினேன். ஆவி முகத்தில் அடித்தது, வெறும் சூடு, வேறொன்றும் இல்லை. சரியாகத்தான் செய்தேனா, வீணாக்கிவிட்டேனா என்று கரண்டியும் கையுமாக நின்றேன்.

கதவு உடைகிற மாதிரி தட்டினார்கள். எதிர்வீட்டுத் தையற்காரம்மா. அளவு நாடா கழுத்தில் தொங்க ஓடிவந்திருந்தார்.

"என்னமோ கருகுதுங்க! மாடி வரைக்கும் வருது. உங்களுக்குத் தெரியலையா?"

"தெரியலைங்க. எனக்கு வாசனை தெரியாது" என்றேன். ஒரு வெளியாளிடம் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. "கொஞ்சம் உள்ள வந்து, எப்படி இருக்குன்னு சொல்றீங்களா?"

என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார். பானைக்கு மேல் குனிந்தார். கையால் ஆவியைத் தன் பக்கம் தள்ளினார்.

"அட, இப்ப கருகல் இல்லையே" என்றார். "பழம் வேகுற மாதிரி இருக்கு. கறி வாசனை நல்லா வருது. ஆனா அடியில லேசா ஒரு புகை இருக்குங்க. அதைக் கெடுத்துடாதீங்க, அதுதான் நல்லாருக்கு."

அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன் அக்கா. பாவம் அந்த அம்மா, அடிப்பிடித்த குழம்புக்கு ஒரு மனுஷன் இப்படி அழுவானா என்று பயந்துபோய், அடுப்பை அணைத்துவிட்டு எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

என்றும் உன்,
மூக்கன்